உப்பு விளக்கு: எந்த ஊருக்கு எது சரி, யாருக்கு வேண்டவே வேண்டாம்

கோபியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். உப்புப் பாறைக் கட்டியைக் குடைந்து உள்ளே பல்பு வைத்த உப்பு விளக்கை நான் விற்பதில்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் உப்பு விளக்கு கெட்டாலும் அது மஞ்சப்பையில் ஏறி என் கடைக்குத்தான் வரும். போன ஆடியில் ஒரே வாரத்தில் மூன்று வந்தன. மூன்றாவதைக் கழற்றினேன். ஹோல்டரின் பித்தளை பச்சை பூத்துக் கிடந்தது. பிடிப்புக் கம்பி துருவேறி, தொட்டதும் பொடிந்து கையோடு வந்தது. வயரின் மேல் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக உப்புப் படர்ந்து ஏறியிருந்தது.

"ஏனுங், வாங்கி எட்டு மாசங்கூட ஆகலீங்களே" என்றார் கொண்டுவந்த அம்மா.

விளக்கு அசல்தான், அதன் மேல் குற்றமில்லை. வீடு வாய்க்கால் ஓரம், சுற்றிலும் நெல் வயல். விளக்கை ஜன்னல் திண்டில் வைத்து, விருந்தாளி வந்தால் மட்டும் போட்டிருக்கிறார்கள். மற்ற நாளெல்லாம் அது அணைந்தபடியே ஈரத்தைக் குடித்திருக்கிறது.

புதுமனை புகும்போது உப்பும் மஞ்சளும் முதலில் உள்ளே போவது நம் பக்கத்து வழக்கம். அந்த வழியிலோ என்னவோ, இப்போது உப்பு விளக்கே மொய்ப் பரிசாகிவிட்டது. பொள்ளாச்சியில் இருக்கும் சித்தி மகள் போன் செய்து, "ஏனுங்கண்ணா, கடையில நாலஞ்சு விதம் காட்டறாங்க, எதை வாங்கறதுங்க?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

எதற்காக வாங்குகிறீர்கள்? மங்கலான, கண்ணை உறுத்தாத ஆரஞ்சு வெளிச்சம் வேண்டுமென்றால் உப்பு விளக்கு நல்ல பொருள். காற்றைச் சுத்தம் செய்யும், எதிர்மின் அயனிகளை வெளிவிடும், மூச்சிரைப்பைக் குறைக்கும் என்ற பேச்சை நம்பி வாங்குகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். உப்பு மிக உறுதியான சேர்மம். அது உருகவே 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். 15 வாட் பல்பு அதை வெதுவெதுப்பாக்கும், அவ்வளவுதான். அந்தச் சூட்டில் அயனி கியனி ஒன்றும் கிளம்பாது. ஆஸ்துமா இருக்கிறவர்கள் டாக்டர் கொடுத்த இன்ஹேலரை விட்டுவிட்டு இதை நம்பி உட்காரக் கூடாது.

உங்கள் ஊர்க் காற்று எப்படி? கடைக்காரர் கேட்காத கேள்வி இது. விளக்கின் ஆயுளை முடிவு செய்வதும் இதுதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டிப் போனால் உப்பு தன் மேல் ஈரத்தை இழுத்து நீராகக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி அடியில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளே எரியும் பல்பின் சூடுதான் கட்டியைக் காய வைத்துக்கொண்டிருக்கிறது. சூடு நின்றால் விளக்கு வியர்க்கும்.

வயரும் பல்பும். உப்பு கெடுவதில்லை, கெடுவதெல்லாம் மின்பாகம்தான். 2017 ஜனவரியில் அமெரிக்காவில் சுமார் 80,000 உப்பு விளக்குகளைத் திரும்பப் பெற்றார்கள். டிம்மர் சுவிட்சும் பிளக்கும் அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பிடிக்கலாம் என்பதுதான் காரணம். உப்பில் பிழை எதுவும் இல்லை.

அசலா? இதற்குத் தனியாக வருகிறேன்.

வீட்டில் யார் யார்? தவழும் குழந்தை, நாய், பூனை இருந்தால் கணக்கே வேறு. தொழுவத்தில் தாது உப்புக் கட்டி தொங்கவிடுகிற நமக்குத் தெரியும், விலங்குக்கு உப்பின் மேல் எவ்வளவு ஆசை என்று. மாடு அளவாக நக்கினால் அதற்கு நல்லது. நாயும் பூனையும் சின்ன உடம்பு. அளவுக்கு மீறி உப்பு ஏறினால் வாந்தி, நடுக்கம், வலிப்பு வரை போகும்.

## அசலைக் கண்டுபிடிப்பது

"இமயமலை உப்பு" என்று விற்றாலும், இந்த இளஞ்சிவப்பு உப்பின் முக்கியமான ஊற்று பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் இருக்கும் கேவ்ரா சுரங்கம். அலெக்சாந்தரின் குதிரைகள் அங்கே பாறையை நக்கியதைப் பார்த்துத்தான் உப்பு இருப்பதைக் கண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நாட்டு மருந்துக் கடையில் நாம் காலங்காலமாக வாங்கும் இந்துப்பும் இந்த வகைதான். சிந்து நதிப் பக்கத்து உப்பு என்பதால் வந்த பெயர். நிறத்துக்குக் காரணம் அதிலிருக்கும் இரும்பு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சாதாரண சோடியம் குளோரைடுதான்.

இதில் வாங்குகிறவருக்கு என்ன சேதி என்றால், 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் சரக்குக்கு இந்தியா 200 சதவீத வரி போட்டது. 2025 மே மாதம் வேறு நாட்டு வழியாகக்கூட வரக் கூடாது என்று இறக்குமதியையே தடை செய்துவிட்டது. ஆகவே, "நேற்றுத்தான் பாகிஸ்தானிலிருந்து இறங்கின சரக்குங்க, ஆடித் தள்ளுபடி" என்று யாராவது கூவினால் ஒரு சிரிப்போடு நகர்ந்துவிடுங்கள்.

கடையில் நின்றபடியே பார்க்கக்கூடிய சோதனைகள் இவை. முதலில் எடை. உப்பு தண்ணீரைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமான கனம். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை, பல்புக்குக் குடைந்தது போகவும் மூன்று கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். ஒன்றரை கிலோதான் இருக்கிறது என்றால் அது உப்பு இல்லை, பிசின் (ரெசின் பிளாஸ்டிக்) வார்ப்பு.

அடுத்து வெளிச்சம். அசல் கட்டி ஒரே சீராக ஒளிராது. ஒரு பக்கம் தேன் நிறம், இன்னொரு பக்கம் செங்கல் நிறம், நடுவில் வெள்ளை நரம்புகள் என்று திட்டுத்திட்டாகத் தெரியும். படிக்கிற அளவுக்குப் பளிச்சென்று எரிந்தால் சந்தேகம்தான்.

மூன்றாவது, ஈரத்துணி. வெள்ளைத் துணியை நனைத்துத் துடைத்தால் துணியில் லேசாக இளஞ்சிவப்பு ஏறலாம். நக்கினால் கரிக்கும். கூச்சப்படாதீர்கள், துணியைத்தான் நக்கச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று, வீட்டுக்கு வந்த பிறகு. அடிப்பக்கத்தில் பலகை மறைக்கும் இடத்திலிருந்து கடுகளவு துணுக்கைப் பெயர்த்து ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். உப்பு முழுதாகக் கரைந்து, அடியில் செம்மண் மாதிரி ஒரு கீற்று தங்கினால் தங்கலாம். பிசினும் கண்ணாடியும் அப்படியே கிடக்கும். உப்புத்தூளை அமுக்கி வார்த்த விளக்கும் கரைந்துவிடும் என்பதால் இந்தச் சோதனை அதைப் பிடிக்காது. அதற்கு உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். வெட்டியெடுத்த பாறை கல்கண்டு போலப் பட்டை பட்டையாக மின்னும். அமுக்கியது சர்க்கரைக் கட்டி மாதிரி பொரபொரவென்று உதிரும்.

## கரடுமுரடான கட்டி விளக்கு

பாறையை உடைத்தது உடைத்தபடி, அடியை மட்டும் சமமாக்கி மரப்பலகையில் பொருத்தியது. என் கைக்கு ரிப்பேருக்கு வருவதில் குறைவாகக் கெட்டிருப்பது இந்த வகைதான். கனம் அதிகம் என்பதால் எளிதில் சாயாது. மூலை கொஞ்சம் பெயர்ந்தாலும் தெரியாது. வியர்த்துக் காய்ந்தால் மேற்பரப்பு மொழுக்கையாகும். அதுவும் இதில் அழகாகவே இருக்கும்.

பத்துக்குப் பத்து படுக்கையறைக்கு இரண்டு மூன்று கிலோ கட்டியும் 15 வாட் குண்டு பல்பும் போதும். ஆசாரத்தில், அதாவது கூடத்தில், வைக்க ஐந்து கிலோவுக்கு மேல் எடுத்தால் 25 வாட் தேவைப்படும். ஐந்து கிலோ கட்டிக்குள் 15 வாட் போட்டுவிட்டு, "கசியுதுங்க" என்று வந்தவர்கள் உண்டு. சூடு வெளிப்புறம் வரை எட்டவில்லை, வேறொன்றுமில்லை.

இனி வெளியே சொல்லாத செலவுகள். முதலாவது பல்பு. இந்த விளக்குகளில் பெரும்பாலும் ஈ14 என்னும் சின்னத் திருகு ஹோல்டர் வரும். நம் தெருமுனைக் கடைகளில் கிடைப்பதோ பின் டைப். இரவு பதினொரு மணிக்குப் பல்பு போனால் மாற்றுப் பல்புக்கு அலைய வேண்டும். வாங்கும்போதே இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். பல்பின் மேல் 220-240 வோல்ட் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டுச் சந்தைக்குச் செய்த 120 வோல்ட் பல்போடு வந்த விளக்கு ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். போட்ட மறு நொடியில் பளீரென்று வெடித்ததாம்.

இரண்டாவது, மின்சாரம். 15 வாட் நாள் முழுக்க எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 21.6 யூனிட். மாலை ஆறு மணி நேரம் மட்டும் என்றால் ஐந்தரை யூனிட்கூட வராது. பெரிய காசு இல்லைதான். ஆனால் பில் 500 யூனிட் விளிம்பில் ஓடுகிற வீட்டில் இந்த 21 யூனிட் அடுத்த கட்டண ஸ்லாபுக்குத் தள்ளிவிடும்.

மூன்றாவது, அதை வைக்கிற இடம். சொந்தக் கதை. எங்கள் வீட்டில் ஒன்றை இரும்பு பீரோ மேல் வைத்திருந்தோம். கார்த்திகை முடிவதற்குள் பெயின்ட் குமிழ் விட்டு, வட்டமாகத் துரு. வீட்டுக்காரியின் பேச்சு இன்னும் நிற்கவில்லை. பீங்கான் தட்டு அல்லது கண்ணாடித் தட்டின் மேல்தான் வைக்க வேண்டும். டிவி ஸ்டாண்டில் வைக்கவே வேண்டாம்.

## செதுக்கிய வடிவங்கள்

உருண்டை, பிரமிடு, பிள்ளையார், இதயம். பரிசாகக் கொடுக்கப் பார்வையாக இருக்கும். அதே எடைக் கட்டியைவிட விலை கூடும், ஏனென்றால் செதுக்கியதில் பாதி கழிந்திருக்கும். பிள்ளையாரில்தான் எனக்குத் தயக்கம். இரண்டு மழைக்காலம் கசிந்தால் தும்பிக்கை மழுங்கி, காது கரைந்துவிடும். கரைந்துபோன சாமியை என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவர் கடைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். உருண்டை பரவாயில்லை, கரைந்தாலும் உருண்டைதான். தாராபுரம், வெள்ளகோவில் மாதிரி காய்ந்த ஊர்களில் இந்தக் கவலை குறைவு.

## கூடையும் கிண்ணமும்

கம்பிக் கூடையிலோ உப்புக் கிண்ணத்திலோ சிறு துண்டுகளைக் கொட்டி, நடுவில் பல்பு. வெளிச்சம் மற்றதைவிட அழகு, இடுக்குகள் வழியே ஒளி சிதறும். துண்டுகளைத் தனித்தனியாக எடுத்து வெயிலில் காய வைக்கலாம் என்பது பெரிய வசதி. வேறெந்த வகையிலும் அது முடியாது. ஆனால் இரும்புக் கம்பிக் கூடை நம் பக்கத்து மழைக்கு ஓராண்டுகூடத் தாங்குவதில்லை. முலாம் உரிந்த இடத்தில் துரு பிடித்து, துருத்தண்ணீர் துண்டுகளின் மேல் இறங்கிவிடும். வாங்குவதென்றால் மரக்கூடு அல்லது உப்புக் கிண்ணம். குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம். கல் வாய்க்குள் போகும், கை பல்புக்குப் போகும்.

## யுஎஸ்பி குட்டி விளக்கு

சின்னதாக, உள்ளே நிறம் மாறும் எல்இடி. அலுவலக மேஜையில் ஏசி ஓடும் அறையில் வைக்க மட்டும் சரி. எல்இடியில் சூடு இல்லாததால் கட்டி காயாது. லேப்டாப்பில் சொருகி அதன் பக்கத்திலேயே வைத்தால் கசியும் உப்புநீர் எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மெழுகுவத்தி வைக்கும் உப்புக் குவளையும் இதே கணக்கில் விளையாட்டுப் பொருள்தான். மின்சாரம் இல்லை என்பதே அதன் ஒரே பெருமை.

## உப்பே இல்லாத வழி

விற்கிறவர்கள் சொல்லாத வழி. மஞ்சள் வெளிச்ச எல்இடி இரவு விளக்கு, அரை வாட். பத்து மணி நேரம் எரித்தாலும் இரண்டு மாதத்துக்கு 0.3 யூனிட். கசியாது, உடையாது, நாய் நக்காது. பழைய ஜீரோ வாட் பல்பு பிடிக்கும் என்பவர்களுக்கு ஒரு சேதி: பெயரில்தான் ஜீரோ, அது 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். வெளிச்சம் மட்டும் போதும், கல்லின் அழகு தேவையில்லை என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

## ஒரே பார்வையில்

| வகை | நல்லது | சொல்லாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| கரடுமுரடு கட்டி | சாயாது, நாள்பட உழைக்கும் | திருகு பல்பு, தட்டு, தினமும் எரிக்க வேண்டும் | மாலையில் தவறாமல் போடுகிறவர்கள் |
| செதுக்கியது | பார்வை, பரிசு | வடிவம் கரையும், விலை கூடுதல் | காய்ந்த ஊர் வீடுகள் |
| கூடை, கிண்ணம் | வெயிலில் காய வைக்கலாம் | கம்பி துரு | குழந்தை இல்லாத வீடு |
| யுஎஸ்பி குட்டி | விலை குறைவு | கருவிகளுக்கு ஆபத்து | ஏசி அறை மட்டும் |
| எல்இடி இரவு விளக்கு | பராமரிப்பே இல்லை | கல்லின் அழகு கிடைக்காது | ஈரமான ஊர், நாய், பூனை, கைக்குழந்தை |

## கொங்கில் எந்த ஊர், எந்த விளக்கு

கரூர், காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் மழை மறைவுப் பூமி. ஐப்பசி, கார்த்திகையை மட்டும் கவனித்தால் போதும், எந்த வகையும் தாங்கும். எல்இடி போட்ட கட்டிகூட மாசி முதல் வைகாசி வரை பிரச்சினை செய்யாது. ஒரே ஒரு கண்ணி உண்டு: ஏர்கூலர். கரூர் பரமத்தி வெயிலுக்குக் கூலர் இல்லாமல் முடியாது. அது தண்ணீர்க் காற்றை அறைக்குள் ஊதுகிறது. சித்திரையில் விளக்கு வியர்க்கிறது என்று அதிசயப்பட்டு வந்தவரின் வீட்டில் கூலர் விளக்கைப் பார்த்தபடி நின்றது.

பொள்ளாச்சி, ஆனைமலை, கோவையின் மேற்குப் பக்கம் வேறு கதை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் காற்றும் சாரலும் நேரே உள்ளே வரும். இங்கே கட்டி விளக்கு, குண்டு பல்பு, தினமும் குறைந்தது ஐந்தாறு மணி நேரம். இதற்கு ஒப்பாதவர்கள் வாங்க வேண்டாம். டிம்மர் வைத்து மங்கலாக்கி எரித்தாலும் சூடு குறையும் என்பதை மறந்துவிடாதீர்கள். கோபி, பவானி வாய்க்கால் பாசனப் பக்கமும் கிட்டத்தட்ட இதே கணக்கு. வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் இரவுக் காற்று ஈரமாகவே இருக்கும்.

வால்பாறைக்காரர்கள் எல்இடி இரவு விளக்கு வாங்கிக்கொள்ளுங்கள். சின்னக்கல்லாறு மழைக்குப் பக்கத்தில் உப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

## வாங்கும் நாளில்

சுவிட்ச் இருக்கும் வயரை விரலால் மடக்கிப் பாருங்கள், மொடமொடவென்று இருந்தால் வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரை போட்ட வயருக்கு மாற்றிக்கொள்ள எந்த எலக்ட்ரீஷியனும் சில நிமிடத்தில் உதவுவார். மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் ஈஎல்சிபி வீட்டில் இல்லையென்றால், விளக்கு வாங்குவதற்கு முன்பே அதைப் போடுங்கள். ஆன்லைனில் வாங்கினால் பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். இது கல் மாதிரி கனம், கண்ணாடி மாதிரி குணம். வழியில் உடைந்தே வருவது சகஜம்.

விளக்கைச் சுவரோடு ஒட்டாமல், வயர் கீழ்நோக்கித் தொங்கி மறுபடி மேலேறிப் பிளக்குக்குப் போகும்படி வையுங்கள். கசிந்தாலும் சொட்டு அந்தத் தொங்கலில் விழுந்துவிடும், பிளக்குக்குள் போகாது. நான் ரிப்பேர் பார்த்த விளக்குகளில் பாதி, இந்த ஒரு வளைவு இருந்திருந்தால் என்னிடம் வந்திருக்காது. பழநி, திருச்செந்தூர் என்று இரண்டு மூன்று நாள் ஊருக்குப் போனால் பிளக்கைப் பிடுங்கி, கட்டி ஆறிய பிறகு பிளாஸ்டிக் பையால் மூடி வாயைக் கட்டிவிடுங்கள். வியர்த்துவிட்டால் ஈரத்துணி வேண்டாம், உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஹோல்டரைக் கழற்றித் துடைத்துக் காய்ந்த பிறகே மறுபடி போடுங்கள்.

சித்தி மகள் கடைசியில் மூன்று கிலோ கட்டி ஒன்றை வாங்கினாள். ஆடி பிறந்து ஒரு வாரம் கழித்துப் போன் செய்தேன். "எரியுதுங்கண்ணா, கசியல. ஆனா நம்ம மணிதான் வாலை ஆட்டிக்கிட்டு அதையே பாத்துட்டு உக்காந்திருக்குதுங்" என்றாள். மணி அவள் வீட்டு நாய். விளக்கை எடுத்து ஷோகேஸின் மேல் தட்டுக்கு ஏற்றச் சொன்னேன், பீங்கான் தட்டோடு.